குடவோலைக்குக் குடம் தந்தவர்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கற்சுவரைக் காண வருவோர் எந்நாளும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆசிரியர் ஒருவர் விளக்கிக்கொண்டிருப்பார். ஊராட்சித் தலைவர்கள் வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் இவ்வூரின் பெயர் ஒலித்தது. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும், இவ்வூர்ப் பெருங்குறி மகாசபை தன் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுத்து, அதனை இச்சுவரில் வெட்டி வைத்தது. குடவோலை முறை என்று பாடநூல்கள் நமக்குக் கற்பித்தது இதுவே.

அக்கல்வெட்டைப் பற்றி எழுதியோர் ஓலையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஓலையில் யார் பெயர் எழுதப்படலாம், எவர் பெயர் எழுதப்படலாகாது, அவருக்கு எவ்வளவு நிலம் இருக்க வேண்டும், எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்பன பற்றியெல்லாம் விரிவான ஆராய்ச்சிகள் உண்டு. குடத்தைப் பற்றித்தான் எவரும் கேட்பதில்லை. சென்ற மார்கழியில் அச்சுவரின் முன் நின்றபோது எனக்கு அந்தக் குடத்தின்மேல் நினைவு சென்றது. அதற்குக் காரணம் பெரிய ஆராய்ச்சி அன்று. கோயிலுக்கு வரும் வழியில், கடைத்தெருவோரம் வைக்கோல் பரப்பி, பொங்கலுக்கான புதுப்பானைகளை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். அவ்வளவே.

கல்வெட்டு கூறும் காட்சியை ஒருமுறை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வட்டம் எனலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பின் பெயர் விளங்கும் வாயோலை பூட்டிக் கட்டி, குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாகச் சபை கூடியிருக்கும். ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருப்பர். அவர்களுள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரியத் தன் உள்ளங்கையில் அதனை ஏற்று உரக்க வாசிப்பான். அங்குள்ள நம்பிமாரும் அதனை வாசிப்பர். இவ்வாறு தேர்ந்தவர்களிலிருந்தே சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று அமைத்தனர்.

குடம் ஏன்? பெட்டியோ பையோ கூடையோ ஆகியிருக்கலாமே. மண்குடத்தின் வயிறு அகன்றது, வாய் குறுகியது. சிறுவனின் கை நுழையும், கண் நுழையாது. குலுக்கினால் உள்ளிருப்பது புரண்டு கலக்கும், வெளியே சிந்தாது. கையைவிட்டு நழுவினால் உடையுமேயன்றி, பிறர் அறியாமல் திறந்து மூட அதில் கதவும் தாழும் இல்லை. அந்தக் காலத்தில் எளிதாகக் கிடைத்த பொருள்களுள் ஒரு குலுக்கலுக்கு இதைவிடப் பொருத்தமானதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சபையோர் நுண்ணறிவு உடையவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நுண்ணறிவில் ஒரு பங்கு, குடத்துக்கு அந்த வடிவத்தைத் தந்த கைக்கும் உரியது.

அந்தக் கைக்கு உரியவரின் பெயர் ஓலையில் ஏறியிருக்க முடியாது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குள் வயதும் உடையோர்க்கே அவ்வுரிமை. உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் பல்லவர் காலத்தில் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேயம். அதன் மகாசபை நிலமுடைய அந்தணர் சபை. பெண்களுக்கும், உழுதவர்க்கும், மண் மிதித்தவர்க்கும் அதில் இடம் இல்லை. மக்களாட்சியின் தொட்டில் என்று இன்று மேடைகளில் முழங்கும்போது இதனையும் சேர்த்துச் சொல்வதே வரலாற்றுக்கு நேர்மை.

எனினும் குயவர் ஆவணங்களில் அடியோடு இல்லாமற் போகவில்லை. பல்லவர் செப்பேடுகளில் குசக்காணம் என்றொரு வரி வருகிறது. குசவர், அதாவது குயவர், செலுத்திய வரி அது. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில், மடைப்பள்ளிக்குப் புதுக்கலம் இடும் குயவர்க்கு நெல்லும் நிலமும் ஒதுக்கிய செய்திகள் உண்டு. வரி கொடுப்பவராகவும் கலம் கொடுப்பவராகவும் அவர் வந்து போகிறார், பேசுபவராக வருவதில்லை. அவருடைய பேச்சைக் கேட்க வேண்டுமானால் கல்லை விட்டுவிட்டு மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. உத்திரமேரூருக்குக் கிழக்கே மதுராந்தகம் பக்கத்தில் சாணூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள பெருங்கற்கால ஈமக்காடுகளை 1950லும் 1952லும் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தனர். என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராஜனும் எழுதிய அறிக்கை 1959இல் வெளிவந்தது. வட்டமாக நட்ட கற்களுக்கு நடுவே, மண்ணுக்கடியில், கால்கள் பொருத்திய சுடுமண் ஈமப்பேழைகள் இருந்தன. அவற்றோடு இரும்புக் கருவிகளும், கறுப்பும் சிவப்புமான மட்கலங்களும் கிடைத்தன. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1880களில் அலெக்சாண்டர் ரியா கண்டெடுத்ததும் இவ்வகைப் பேழையே. நீண்ட தொட்டி போன்ற உடல். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இந்த வடிவத்தைச் சக்கரத்தில் ஏற்ற இயலாது. கையாலேயே மண்ணைச் சேர்த்துச் சேர்த்து எழுப்பி, கால்களைத் தனியே செய்து ஒட்டி, அவ்வளவு பெரிய ஈர மண்ணுடலை விரிசல் விடாமல் உலர்த்தி, உடையாமல் சுட்டெடுத்திருக்கிறார்கள். இன்று ஓர் அகல் விளக்கைச் சுடும்போதே பத்தில் ஒன்று வெடித்துப் போகலாம் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கறுப்பு சிவப்புக் கலங்களைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஒரே கலம், உட்புறமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே அடிப்புறம் சிவப்பு. இரண்டு மண்ணோ இரண்டு சாயமோ அல்ல. நம் களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. சூளையில் காற்று தாராளமாகப் பட்டால் அது சிவக்கும். காற்று தடைப்பட்டுப் புகை சூழ்ந்தால் கறுக்கும். கலத்தைக் கவிழ்த்து வைத்து, வாய்ப்பகுதி சாம்பலிலும் தவிட்டிலும் புதையுமாறு சுட்டால், காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுப்பாகும். வெளியே நெருப்பும் காற்றும் படும் அடிப்பகுதி சிவப்பாகும். இருமுறை சுட்டிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. எப்படியாயினும், தீயை மட்டுமன்றிக் காற்றையும் கணக்கிட்டு ஆண்ட கை அது. வேதியியல் என்ற சொல் பிறக்குமுன் வேதியியல் அறிந்தவர்கள் அவர்கள். கீழடி ஓடுகளின் கரும்பூச்சை ஆராய்ந்த வேலூர் ஆய்வாளர்கள், அதில் கண்ணுக்குப் புலப்படாத கரிம நுண்குழாய்கள் இருப்பதாக 2020இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார்கள். ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பூச்சு உதிராமல் இருப்பதற்கு அது காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

உத்திரமேரூரைச் சூழ்ந்த நிலம் முழுவதும் இவ்வாறே ஓடுகளைச் சுமந்து கிடக்கிறது. வடக்கே காஞ்சிபுரத்தில் 1960களிலும் 70களிலும் நடந்த அகழாய்வுகளில் பல்லவர்க்கு முற்பட்ட கறுப்பு சிவப்புக் கலங்களின் அடுக்குகள் வெளிப்பட்டன. பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே வசவசமுத்திரத்தில் 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது, சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறுகளும், கடல் கடந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. மேலைநாட்டுக் குயவரின் சாடியும் நம் குயவரின் உறையும் ஒரே மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன.

பழமை இவ்வாறு இருக்க, அதற்கும் கடைத்தெருவில் கண்ட பானைக்கும் என்ன தொடர்பு? பழையது பழையது, புதியது புதியது என்று சொல்லிவிடலாமே. கறுப்பு சிவப்புக் கலம் இன்று நம் அடுப்படியில் இல்லை என்பதும் உண்மையே. இந்த ஐயத்தோடுதான் நான் அந்தப் பானைக்காரரோடு அவருடைய ஊருக்குப் போனேன். உத்திரமேரூரிலிருந்து சிறிது தொலைவு. தெருவில் முன்பு பல வீடுகளில் சக்கரம் சுழன்றதாம், இப்போது இரண்டே வீடுகள். எழுபது வயதை எட்டியிருந்த பெரியவர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார்.

அவர் சக்கரத்தைக் கோலால் சுழற்றி, நடுவில் வைத்த மண்ணைக் கைவிரல்களால் எழுப்பினார். வாய் விளிம்பும் கழுத்தும் தோளும் கண்ணிமைக்கும் நேரத்தில் உருவாயின. நூலால் அறுத்து எடுத்தபோது எனக்கு வியப்பு. பானைக்கு அடியே இல்லை! சுவர் தடித்து, அடி திறந்து, ஒரு குழாயைப்போல் இருந்தது. அதனை நிழலில் வைத்துவிட்டு, முந்திய நாள் செய்து பாதி உலர்ந்திருந்த இன்னொன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இடக்கையில் உருண்டையான ஒரு கல். அதைப் பானையின் உள்ளே அணைத்துப் பிடித்தார். வலக்கையில் மரத்தட்டு, அதனால் வெளியே தட்டினார். பானையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருப்பித் தட்டத் தட்ட, தடித்த சுவர் மெலிந்து கீழே வளர்ந்து, திறந்திருந்த வாய் மெல்ல மெல்லக் கூடி மூடிக்கொண்டது. உருண்டையான அடி உருவாயிற்று. அரை மணிக்குள் சிறிய குழாய், இரண்டு மடங்கு பெரிய பானையாகிவிட்டது.

“சக்கரம் கழுத்தைத்தான் செய்யுங்க ஐயா. பானையைச் செய்யறது தட்டு” என்றார்.

நான் பானையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தேன். கல் பதிந்த மெல்லிய குழிகள் விரலில் தட்டுப்பட்டன. பழைய ஈமத்தலங்களிலும் ஊரிருக்கைகளிலும் கிடைக்கும் பெரிய கலங்களின் உடைந்த ஓடுகளை அருங்காட்சியகத்தில் திருப்பிப் பார்த்தவர்கள் இக்குழிகளை அங்கும் கண்டிருப்பார்கள். ஓர் ஓடு எந்த முறையால் உருவானது என்று தொல்லியலார் அறிவது இத்தகைய தடயங்களைக் கொண்டுதான். வண்ணம் மாறலாம், விளிம்பின் வளைவு காலத்துக்குக் காலம் வேறுபடலாம். உள்ளே கல், வெளியே தட்டு என்னும் இந்த இரு கைகளின் உரையாடல் மாறவில்லை. இந்தியக் குயவர்களின் செய்முறைகளை ஊர் ஊராகச் சென்று பார்த்து சரஸ்வதியும் பெகுராவும் 1966இல் எழுதிய நூல், இம்முறை நாட்டின் பல பகுதிகளில் சக்கரத்தோடு சேர்ந்தே வாழ்வதைப் பதிவு செய்துள்ளது.

உருண்டை அடி வெறும் பழக்கம் அன்று. தட்டையான அடியும் நேரான சுவரும் சேரும் மூலையில் சூடு ஏறும்போது மண் வெடிக்கும். மூலையே இல்லாத பானையில் சூடு எங்கும் ஒரேபோல் பரவும். மூன்று கல் அடுப்பில் அது அசையாமல் அமரும். அரிசி அடியில் தங்கிக் கருகாமல் புரண்டு கொதிக்கும். தரையில் வைக்க வேண்டுமானால் வைக்கோற் பிரிமணை இருக்கிறது. அடுப்பும் அரிசியும் பிரிமணையும் பானையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு குடும்பம். எனவேதான் சோறு வடிக்கும் வாழ்க்கை நீடித்த வரையில் இந்த வடிவமும் நீடித்தது. தொடர்ச்சி என்று நான் சொல்வது இதையே. இன்றைய குயவர் ஒருவரைச் சாணூர்ப் பேழையைச் செய்தவரின் நேர் வழித்தோன்றல் என்று எவரும் நிறுவ முடியாது. நிறுவத் தேவையும் இல்லை. இரத்தத்தின் வழியாக வருவதைவிடக் கையின் வழியாக வருவதே தொழிலின் மரபு.

சங்க நூல்களில் குயவர்க்கு உள்ள இடம் நம்மை வியக்க வைக்கும். நற்றிணையின் 200ஆம் பாட்டில், நொச்சி மாலை சூடிய முதிய குயவர் ஊர்த்தெருவில் விழாவை அறிவித்துச் செல்கிறார். அவர் பானை செய்பவர் மட்டுமல்லர். ஊரின் வாயும் அவரே. புறநானூற்றில் அவர் சாவின் வாயிலில் நிற்கிறார். கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், அவ்வளவு பெரிய புகழுடையவனைக் கவிக்கும் தாழியை எப்படி வனைவாய் என்று குயவரிடம் கேட்டு இரங்குகிறார். 256ஆம் பாட்டிலோ, கணவனை வழியில் இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். அரசனின் புலவரும் பெயரறியாப் பெண்ணும் துயரில் நாடிச் செல்லும் ஒருவர் குயவரே. சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியினுள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. ஆக, அந்தப் பெண் கேட்டது கவிஞரின் கற்பனையன்று. அவளுக்கு முன்பே நெடுங்காலம் இந்நாட்டில் குயவர்கள் செய்து வந்த பணி.

மத்தேயு நற்செய்தியில் குயவன் நிலம் அன்னியரை அடக்கம் செய்ய வாங்கப்பட்டதாக வாசிக்கிறோம். மண் எடுத்து எடுத்துப் பயிருக்கு உதவாது போன நிலமாக அது இருந்திருக்கலாம் என்று உரைகாரர் சிலர் கூறுவர். இரு நாடுகளிலும் குயவரின் மண்ணும் இறந்தோரின் உறக்கமும் அருகருகே அமைந்தது தற்செயலோ என்னவோ. தாழி மறைந்த பின்னும் நம் ஊர்களில் கொள்ளிக்குடம் இருக்கிறது. திருமணத்துக்கு அரசாணிப் பானை, விளைச்சலுக்குப் பொங்கற் பானை, கார்த்திகைக்கு அகல், திருவிழாவுக்குக் கரகம், இறுதியில் தோளில் ஏந்தித் துளையிட்டு உடைக்கும் குடம் என்று பிறப்பிலிருந்து இறப்புவரை குயவர் வாசலுக்குப் போகாத வீடு இருந்ததில்லை. வட மாவட்டங்களில் உடையார் என்றும், தெற்கே வேளார் என்றும் அவர்களை மதிப்போடு அழைப்பர். புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் கோயில்களில் மண் குதிரைகளைச் செய்பவர்களும், பல இடங்களில் பூசை வைப்பவர்களும் அவர்களே.

இவ்வளவு இருந்தும் பெயர் மட்டும் இல்லை. கீழடியில் கிடைத்த ஓடுகளில் தமிழி எழுத்துகள் பொறித்தவை 56 என்று 2019இல் வெளியான அறிக்கை கூறிற்று. ஆதன், குவிரன் போன்ற பெயர்களை அவற்றில் வாசித்துள்ளனர். கொடுமணலிலும் அப்படியே. நாம் மகிழ்கிறோம், எளிய மக்களும் எழுத்தறிந்திருந்தனர் என்று பெருமைப்படுகிறோம். அது நியாயமே. ஆனால் அப்பெயர்களில் பெரும்பாலானவை கலம் சுடப்பட்ட பின் கூரிய முனையால் கீறப்பட்டவை. அதாவது, வாங்கியவரின் பெயர்கள். வனைந்தவரின் பெயர்கள் அல்ல. உத்திரமேரூர் ஓலையிலும் குடத்துக்குள் போனவரின் பெயர் இருந்தது.

இவ்விடத்தில் வேறொரு நாட்டு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி மக்கள் வாழும் பகுதியில் சிக்யாட்கி என்னும் கைவிடப்பட்ட பழைய ஊரை, ஜெசி ஃபியூக்ஸ் என்பவர் 1895இல் அகழ்ந்தார். அவரிடம் வேலை செய்த தொழிலாளர்களில் ஒருவருடைய மனைவி நம்பேயோ. அவர் குயவர். பழைய ஓடுகளின்மேல் முன்பே ஆர்வம் கொண்டிருந்த அவர், அகழ்வில் வெளிவந்த முழுக்கலங்களைக் கூர்ந்து நோக்கி, மறைந்துபோன வடிவங்களைத் தம் கையில் மீட்டெடுத்தார். அவருக்குப்பின் அவர் மகள்களும் பேரப்பிள்ளைகளும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். நியூ மெக்சிகோவில், எட்கர் ஹெவெட் என்ற தொல்லியலார் தாம் அகழ்ந்தெடுத்த ஓடுகளை மரியா மார்ட்டினெஸ் என்ற ஊர்ப்பெண்ணிடம் காட்டி, இதுபோல் செய்ய இயலுமா என்று கேட்டார். மரியாவும் கணவர் ஜூலியனும் முயன்று முயன்று, 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில் கறுப்பின்மேல் கறுப்பாகச் சித்திரம் தெரியும் கலங்களை உருவாக்கினர். எரியும் சூளையைச் சாணத்தூளால் மூடிக் காற்றைத் தடுத்தனர். நம் கறுப்பு சிவப்புக் கலத்தின் அதே மறைபொருள்! அக்கலங்களின் அடியில் மரியா தம் பெயரைப் பொறித்தார். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்தப் பெயரைச் சொல்லி அவற்றை வைத்திருக்கின்றன.

அங்கே ஓடு மண்ணிலிருந்து வெளிவந்து மீண்டும் குயவரின் கையைச் சேர்ந்தது. இங்கே அது எண்ணிடப்பட்டுப் பெட்டிக்குப் போகிறது. அகழாய்வுக் குழிகளில் நாள் கூலிக்கு மண் சுமப்பவர்களில் குயவர் குடும்பத்தவரும் இருக்கக்கூடும். ஓட்டைத் தட்டி ஒலி கேட்டு, இது எந்தச் சூட்டில் வெந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களை ஆய்வுக் கூடத்துக்கு உள்ளே அழைத்து அமர்த்துவது கடினமான செயலன்று.

அழைப்பதானால் விரைவில் அழைக்க வேண்டும். மட்பாண்டத்தின் வீழ்ச்சி இந்தப் பகுதியில்தான் ஒருவகையில் தொடங்கியது என்பது பலர் அறியாதது. 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். நாட்டுத் தொழில்களை வளர்ப்பதே அவர் நோக்கம், நல்லெண்ணத்தில் குறையில்லை. சில ஆண்டுகளில் அத்தொழில் ஒரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. உடையாத, இலேசான, விலை குறைந்த வெள்ளைப் பாத்திரம் சந்தைக்குச் சந்தை ஏறியது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, குடத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் குடம் பிடித்தது. அதன் வடிவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அகன்ற வயிறு, குறுகிய கழுத்து, விரிந்த விளிம்பு. இடுப்பில் அமர்வதற்கு அந்த வளைவு வேண்டும் என்பதை ஆலைக்காரர்கள் குயவரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஆயினும் தொழிலை இறுக்குவது அலுமினியம் மட்டுமன்று. மண். இது ஏரிகளின் நாடு. உத்திரமேரூருக்கே வைரமேக தடாகம் என்ற பெயருடைய பேரேரி உண்டு. பல்லவன் தந்திவர்மனின் விருதுப்பெயரைத் தாங்கியது. அதைக் காக்கவே ஏரி வாரியம் இருந்தது. தூர் வாருவதற்கெனப் பொன் வைத்தவர்களைக் கல்வெட்டுகள் போற்றுகின்றன. ஏரிக்குத் தூர் என்பது பாரம். குயவருக்கு அதுவே முதல். வண்டலும் களியும் மணலும் அளவறிந்து கலந்து, காலால் மிதித்து, கல்லும் வேரும் பொறுக்கி எடுத்தால்தான் பானை மண். குயவர் மண் எடுக்கும் குழி, ஏரியை ஆழப்படுத்தும் வேலையும் ஆகும். ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலும், மண் 1959ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின் கீழும் வந்தபின், கூடை மண்ணுக்கும் அனுமதி வேண்டியதாயிற்று. கட்டட வேலைக்கும் செங்கற் சூளைக்கும் லாரியில் மண் போகும் காலத்தில் கட்டுப்பாடு வேண்டியதே. ஆனால் லாரிக்கும் தலைச்சுமைக்கும் விதி ஒன்றாக இருந்தால், தடுக்கப்படுவது தலைச்சுமையே. 2024இல் தமிழக அரசு, உழவரும் மட்பாண்டத் தொழிலாளரும் நீர்நிலைகளில் வண்டலும் களியும் கட்டணமின்றி எடுக்க, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று முறையை எளிதாக்கியது. மழைக்காலத்தில் சூளை எரியாத மாதங்களுக்கு நிவாரணத் தொகையும் வாரியத்தின் வழியாகத் தரப்படுகிறது. இவை நல்லவை. அந்தப் பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தட்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: “மண்ணு ஏரியிலே இருக்கு. சீட்டு வேற எடத்துலே இருக்கு. ரெண்டும் ஒண்ணா கைக்கு வர்றதுக்குள்ளே மழை வந்துடுதுங்க.”

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சீட்டு குடத்துக்குள் இருந்தது என்று சொல்ல நினைத்தேன்; சொல்லவில்லை. அவருடைய மகன் ஒரகடம் பக்கத்தில் கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறான். விடுமுறை நாளில் வந்து சூளை அடுக்க உதவுவானாம். பேரனுக்குச் சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்த வரும், தட்ட வராது. தட்டுவதற்குப் பொறுமை வேண்டும், இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்து வரவே இருட்டிவிடுகிறது என்று பெரியவரின் துணைவியார் சொன்னார். அவர் வெந்த பானைகளைச் சாம்பல் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சூளையில் விறகு, வறட்டி, ஓலை, வைக்கோல் எல்லாம் அடுக்கி மண்ணால் மெழுகித் தீ வைப்பது பெரியவர் வேலை. எப்போது பிரிப்பது என்று முடிவு செய்வது அந்த அம்மாள். ஒருநாள் முன்னே பிரித்தால் காற்றுப்பட்டுக் கீறும்.

பொங்கலுக்கென்று ஒரு பானை வாங்கினேன். அம்மாள் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துத் தட்டினார். அதையும் ஒதுக்கிவிட்டார். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் ஒலித்தன. மூன்றாவதைத் தட்டிவிட்டுத் தலையசைத்து என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். உருண்டையான அடியில், பலகைத் தட்டின் தடங்களுக்கு நடுவே, ஈர மண்ணில் பதிந்து வெந்துபோன ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.